குவைத்துக் குடத்தைத் தேடி அன்னவாசல் வரை

ஷார்ஜாவிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் நாலு மணி நேரம். திருச்சியிலிருந்து கீரமங்கலத்துக்குப் பஸ் மாறி, காத்து நின்று, அதற்கும் ஏறக்குறைய நாலு மணி நேரம். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் என்னிடம் பேசியது ஒரே வார்த்தை, "எக்ஸ்கியூஸ் மி". புதுக்கோட்டை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், நான் யார் மகள், எத்தனை பிள்ளைகள், வீட்டுக்காரருக்கு என்ன வேலை, அவர் ஏன் கூட வரவில்லை என்பதையெல்லாம் திருக்கோகர்ணம் வருவதற்குள் கேட்டு முடித்துவிட்டார். கடைசியாக, "என்ன விசேஷமா வாரீக?" என்றார்.

"மது எடுப்பு. எங்கம்மா கொடத்த இந்த வருஷம் நான் தூக்குறேன்."

வெளியூர்க்காரர்கள் பயப்பட வேண்டாம், இந்த மதுவில் போதை கிடையாது. எங்கள் பக்கத்து ஊர்களில் பெண்கள் குடத்தில் விதைநெல்லை நிரப்பி, மேலே தென்னம்பாளையைச் செருகி, பூச்சுற்றி, தலையில் வைத்து ஊர்வலமாகப் போய் அம்மன் கோயிலில் கொட்டுவோம். குடம் பித்தளையாக இருக்கும், இல்லையென்றால் எவர்சில்வர். எங்கள் வீட்டுக் குடம் மட்டும் அலுமினியம், அதுவும் நசுங்கிய அலுமினியம். ஊரில் அதற்குக் குவைத்துக் குடம் என்று பெயர்.

அப்பா இறந்த மறு வருஷம் அம்மா குவைத்துக்கு ஒரு வீட்டில் சமையல் வேலைக்குப் போனாள். எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பதிமூன்று. போய் ஒரு வருஷம் முடிவதற்குள் தொண்ணூறாம் வருஷத்துச் சண்டை வந்துவிட்டது. இராக் படை ஊருக்குள் புகுந்ததும் வீட்டுக்காரர்கள் காரில் ஏறிப் போய்விட்டார்கள். அம்மா மற்ற வேலைக்காரப் பெண்களோடு சேர்ந்து கிடைத்த வண்டியில் தொற்றிப் பாலைவனத்தைக் கடந்து, ஜோர்டான் எல்லையில் கூடாரத்தில் கிடந்து, விமானம் ஏறி வந்து சேர்ந்தாள். கொண்டுபோன பெட்டி வரவில்லை. இடுப்பில் இந்தப் பாத்திரம் இருந்தது. அந்த வீட்டில் மோர் வைத்துக்கொள்கிற பாத்திரமாம். குறுகின கழுத்து, அகன்ற வயிறு, அடியில் அரபு எழுத்து. அதில் தண்ணீர் நிரப்பிக்கொண்டுதான் கிளம்பியிருக்கிறாள்.

உயிரோடு வந்தவளை ஊர் எப்படி வரவேற்றது தெரியுமா? ஒரு பக்கம், பாத்திரத்தைத் திருடிக்கொண்டு வந்துவிட்டாள் என்று பேச்சு. இன்னொரு பக்கம், "அங்கிட்டு என்னென்ன நடந்துச்சோ" என்று ஓர் இழுப்பு. அந்த இழுப்பை இன்று நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

அடுத்த மது எடுப்புக்கு அம்மாவிடம் வேறு குடம் இல்லை. இதையே தேய்த்துத் தலையில் வைத்தாள். வரிசையில் கடைசியில் நிற்கச் சொன்னார்கள், நின்றாள். கோயிலில் நெல்லைக் கொட்டியதும் வெறும் குடத்தைக் கோயில் குழாயில் நிரப்பி, ஊரே பார்க்க அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். "எசமானி குடுத்தாளா, நீயா எடுத்தியா?" என்று ஒருத்தி கேட்டாள். "தண்ணி இல்லாத எடத்துல ஒருத்தரும் என்னைய இதக் கேக்கல" என்றாள் அம்மா. எனக்கும் அதற்கு மேல் தெரியாது. நானும் கேட்டதில்லை.

அதன் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் அம்மா அந்தக் குடத்தைத்தான் தூக்கினாள், கொட்டினாள், குடித்தாள். இந்த வருஷம் இரண்டு முழங்காலும் கைவிட்டுவிட்டன. "நீ வந்து தூக்கு" என்று போன். நான் ஷார்ஜாவில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். குடம் தூக்க லீவு வேண்டும் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் நான் இடுப்பு வலியைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு நாலு நாள் எழுதிக் கொடுத்தார்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. மதினி, அதாவது அண்ணன் மனைவி, என் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணன் மலேசியாவில் இருப்பதால் வீட்டில் அம்மாவும் மதினியும் மட்டும்தான்.

"மதினி, கொடத்த எடுங்க. தேச்சு வச்சிருவோம்."

"மொதல்ல சாப்புடு செல்வி. நெத்திலிக் கொழம்பு வச்சிருக்கேன்."

"கொடம் எங்க?"

மதினி அழ ஆரம்பித்துவிட்டார். போன வாரம் பழைய சாமான் வண்டி வந்திருக்கிறது. அட்டத்தில், அதாவது பரணில், கிடந்ததையெல்லாம் மதினி இறக்கிப் போட்டிருக்கிறார். குடமும் அதோடு போய்விட்டது. மாற்றாக வந்த ரோஸ் கலர் பிளாஸ்டிக் டப் ஒன்று குளியலறையில் சிரித்துக்கொண்டிருந்தது. பழைய இரும்பு, பித்தளை, அலுமினியத்துக்குப் பேரீச்சம்பழம் என்றுதான் அந்த வண்டியில் இன்னமும் ஒலிபெருக்கி கத்துகிறது. கொடுப்பதென்னவோ பிளாஸ்டிக். என் பெட்டியில் ரெண்டு கிலோ அரபுப் பேரீச்சம்பழம் இருந்தது. அதை வெளியே எடுக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

"எல்லாரும் ஒரே மாரி பித்தளக் கொடந்தான் எடுக்கணும்னு விழாக்குழுவுல நோட்டீஸ் குடுத்துட்டாக. வீட்டுக்கு ரெண்டு புதுக் கொடமும் வந்துருச்சு. இனிமே அது எதுக்கு ஒதவப் போவுதுன்னு நெனச்சிட்டேன். கோச்சுக்காத செல்வி."

கோபித்துக்கொண்டேன். வாய்க்கு வந்தபடி பேசினேன். கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த அம்மா கையை உயர்த்தினாள்.

"அவள வையாத. வஞ்சா கொடம் வந்துருமா? நாள மக்யா நாள் மது. நாளைக்கிப் போயி ரெண்டு பேருந் தேடுங்க. போறப்ப அந்தப் பித்தளையில ஒண்ண அந்தாளு கடையில கடாசிட்டுப் போங்க. எங்க வீட்டுக் கொடம் எங்ககிட்ட இருக்குன்னு சொல்லு."

"அது இல்லையேம்மா."

"வந்துரும்ல?" என்றாள். கேள்வி மாதிரித் தெரியவில்லை.

அந்தாளு என்பது விழாக்குழுத் தலைவர், எனக்குச் சித்தப்பா முறை. காலையில் அவர் உரக்கடைக்குப் போனால் பூட்டியிருந்தது, சீரியல் விளக்குக்குச் சொல்லப் போயிருக்கிறாராம். அதற்குள் பஸ் வந்துவிட்டது. குடத்தோடு ஏறினோம். உபயதாரர் பெயர் வெட்டிய பளபளக்கும் பித்தளைக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒருநாள் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். வேறு பொழுதுபோக்கே தேவையில்லை.

"யக்கா, கொடத்துக்கும் ஒரு டிக்கெட்டா?" இது கண்டக்டர்.

"எந்தக் கோயிலுக்குப் போவுது?" என்றார் ஒரு பெரியவர்.

"வீட்டுல யாரும் சமஞ்சிருக்காகளா?" என்றது ஜன்னலோரம் ஒரு குரல். முதல் ஆளுக்கு மதினி உண்மையைச் சொன்னார். ரெண்டாவது ஆளுக்குப் பாதியைச் சொன்னார். மூன்றாவது ஆளுக்கு, "ஆமா, இவதான்" என்று நாற்பத்துநாலு வயதான என்னைக் கைகாட்டினார். முதல் நாள் கோபம் எனக்கு அந்த இடத்தில் பாதி இறங்கிவிட்டது.

தெருவில் விசாரித்து வைத்திருந்தபடி ஆலங்குடி பழைய இரும்புக் கடையில் அந்தப் பழைய சாமான் வண்டிக்காரரைப் பிடித்துவிட்டோம். அடியில் அரபு எழுத்து என்றதும் அவருக்கு ஞாபகம் வந்தது. "அந்த அமுங்குன சட்டியா? அலுமினியமெல்லாம் புதுக்கோட்ட யாவாரிக்குப் போயிரும்க்கா" என்றார்.

அவசரத்தில் ஏறியது வல்லத்திராக்கோட்டை வழியாகச் சுற்றிப் போகிற டவுன் பஸ். நேரே அந்த ஊருக்குப் போய்ப் பஞ்சரானது. ஷார்ஜாவில் டாக்ஸி ஆறு நிமிஷம் தாமதமானால் நான் புகார் அனுப்புகிற ஆள். இங்கே டிரைவர் இறங்கினார், டயரைப் பார்த்தார், டீக்கடையைப் பார்த்தார். எங்கள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. உளுந்து வடை சுடச்சுட இருந்தது. ஒருவரும் யாரையும் திட்டவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மட்டும் பஞ்சருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள். மதினி வடையைத் தொடவில்லை.

"நசுக்கியிருப்பாகளா செல்வி?"

"இருக்கலாம்."

"நசுக்கியிருந்தா நான் அத்த மொகத்துல முழிக்க மாட்டேன்."

புதுக்கோட்டை வியாபாரி பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். "அலுமினியம் முந்தாநாளே அன்னவாசல் குடோனுக்குப் போயிருச்சும்மா. அங்கன மிசின்ல அமுக்கிக் கட்டியாக்கிருவாக. நாளைக்கி லாரி ஏறிரும்."

எனக்குப் பசி கண்ணை அடைத்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் புரோட்டாவும் முட்டை மாஸும் வாங்கினோம். வெங்காயமும் மிளகும் தூக்கலாக, முட்டை துண்டு துண்டாக, எங்கள் புதுக்கோட்டைப் பெருமை. ஷார்ஜாவில் ஒரு கடையில் இதே பெயரில் ஒன்று போடுகிறார்கள், அதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. மதினி முதலில் வேண்டாம் என்றார். பிறகு அன்னவாசல் பஸ் வருவதற்குள் என்னைவிட வேகமாகச் சாப்பிட்டு எழுந்தார்.

அன்னவாசல் குடோன் ஊருக்கு வெளியே, தகரக் கூரைக்குக் கீழே. உள்ளே நுழைந்ததும் என் கால் நின்றுவிட்டது. தட்டு, டம்ளர், இட்லிச் சட்டி, குக்கர் மூடி எல்லாம் ஒன்றோடொன்று அமுங்கி, சதுரச் சதுரக் கட்டிகளாக ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. இதற்குள் குடம் இருந்தால் அதைக் குடம் என்று இனி யாரும் சொல்ல முடியாது. அம்மா பாலைவனத்தில் காப்பாற்றிக் கொண்டுவந்ததை நாங்கள் அட்டத்தில் போட்டு வைத்துத் தொலைத்துவிட்டோம். மதினியை மட்டும் சொல்லிப் பிரயோசனமில்லை. ஷார்ஜா போன பதினைந்து வருஷத்தில் நானும் அது எங்கே இருக்கிறது என்று கேட்டதில்லை.

"செல்வி, அங்கிட்டுப் பாரு!" மதினி என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

குடோனுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய். அதனடியில் ஒரு பெண் குவைத்துக் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் பெயர் சுமித்ரா, ஒடிசாக்காரி. புருஷனும் அவளும் அங்கே சாமான் பிரிக்கிற வேலை. எனக்கு இந்தி தெரியும், வளைகுடாவில் இந்தி இல்லாமல் ஒரு கிலோ தக்காளிகூட வாங்க முடியாது. குடம் எங்கள் அம்மாவுடையது, கோயிலுக்கு வேண்டும் என்றேன். அவள் குடத்தை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள்.

"மிஷினுக்குப் போக இருந்ததை நான்தான் எடுத்தேன். இங்கே வருகிற பாத்திரம் எல்லாம் ஓட்டை. இது ஒன்றுதான் ஒழுகவில்லை. இதைக் கொடுத்துவிட்டு நான் எதில் தண்ணீர் பிடிப்பேன்?"

அம்மாவுக்குப் போன் போட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டு அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஒழுகுதா?"

"இல்லம்மா. தளும்பத் தளும்பப் பிடிச்சு வச்சிருக்கு."

"ம். அப்ப அந்தப் புள்ளைக்குத் தண்ணி பிடிக்க ஒண்ணக் குடுத்துட்டு வாங்கு. சும்மா பிடுங்கிட்டு வராத. பாத்திரத்தத் திருடிட்டா குவைத்துக்காரின்னு இன்னொரு பேச்சு எனக்கு வேணாம்."

கொடுக்க எங்களிடம் இருந்தது ஒன்றுதான். மதினியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். விழாக்குழுவின் பித்தளைக் குடத்தை எடுத்து சுமித்ராவிடம் நீட்டினேன். ரெண்டு நாளில் இந்த அளவுக்கு ஒழுகாத புதுப் பாத்திரத்தோடு வருவேன், அதுவரை இதை வைத்துக்கொள் என்றேன். அவள் தூக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"வெறும் குடமே இந்தக் கனம். இதில் தண்ணீர் வேறு எடுத்தால் என் கழுத்து என்னாவது? ரெண்டு நாள்தான், அதற்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டேன்."

மறுநாள் சாயங்காலம் மது எடுப்பு. ஊர்த் தென்னைகளையெல்லாம் சாய்த்த புயலுக்குப் பிறகு வைத்த தென்னைகள் இப்போது பாளை விடுகின்றன. எங்கள் கொல்லைப் பாளையையே வெட்டினோம். கீரமங்கலத்தில் மல்லிகைக்கா பஞ்சம், மதினி குடத்தின் கழுத்துக்கு மூன்று சுற்றுச் சுற்றினார். நசுங்கல் மறைகிற மாதிரிச் சுற்றியதை அம்மா பிரிக்கச் சொன்னாள். "அது தெரியட்டும்" என்றாள்.

தெருவில் பெண்கள் வரிசையாக நின்றோம். எல்லோர் தலையிலும் ஒரே அளவு, ஒரே மினுக்கு. மதினி தலையிலும் குழுவின் இன்னொரு பித்தளைக் குடம். மேலே ட்ரோன் வண்டு மாதிரி ரீங்காரமிட்டது. தலைவர் சித்தப்பா என் முன்னால் வந்து நின்றார்.

"என்னம்மா செல்வி, வெளிநாட்டுல இருந்து வந்துட்டு இத இப்புடிச் செய்யலாமா? குழு கொடம் எங்க?"

"அன்னவாசல்ல தண்ணி பிடிச்சுக்கிட்டு இருக்கு சித்தப்பா."

அவருக்கு விளங்கவில்லை, விளக்குகிற மனநிலையில் நானும் இல்லை. "வீடியோல ஒண்ணு மட்டும் அசிங்கமாத் தெரியும்மா. கடேசிக்குப் போயிரு" என்றார்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவின் குரல் தெரு முழுக்கக் கேட்டது. "கடேசியில நின்னது நானு. எம் மக நிக்க மாட்டா."

சித்தப்பா திரும்பி அம்மாவைச் சமாதானப்படுத்தப் போனார். அதற்குள் நான் எதிர்பாராதது நடந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமனார் முறைக்காரர்கள் எதிரில் சத்தமாகத் தும்மக்கூடத் தயங்குகிற என் மதினி, தலையிலிருந்த பித்தளைக் குடத்தை இறக்கித் தெரு நடுவில் வைத்தார்.

"மாமா, ஒங்க நோட்டீஸப் பாத்துட்டுத்தான் நான் அந்தக் கொடத்தக் கொண்டு போயிக் கழிசல்ல போட்டேன். தேடி எடுத்துட்டும் வந்துட்டேன். இப்ப அது போகாட்டி இதுவும் போகாது."

எங்கள் தெரு ரெண்டு ஆள் அகலம். நடுவில் நெல் நிறைந்த குடம் உட்கார்ந்தால் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. மேளக்காரர்கள் அடித்த அடியையே திரும்பத் திரும்ப அடித்தார்கள். வியர்வை எல்லோருக்கும் முதுகில் ஓடியது. யாரும் மதினிக்குப் பரிந்து பேசவில்லை. யாரும் என்னை நகரச் சொல்லவும் இல்லை.

"அண்ணே, பேட்டரி தீரப் போவுது" என்றார் ட்ரோன்காரர்.

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "போங்க, போங்க. என்னமும் செய்ங்க." மதினி குடத்தைத் தூக்கிக்கொண்டார். நான் என் இடத்தை விடாமல் நடந்தேன், வரிசையின் நடுவில். வீடியோவை அப்புறம் பார்த்தேன். அசிங்கமாக இல்லை. அத்தனை மினுக்கலுக்கு நடுவில் எங்கள் குடத்தைத்தான் முதலில் கண்டுபிடிக்க முடிகிறது.

கோயிலில் நெல்லைக் கொட்டினேன். குழாயில் குடத்தை நிரப்பி அண்ணாந்தேன். பாதி வாயிலும் பாதி சேலையிலும் போனது. அலுமினிய வாடை, கொஞ்சம் மல்லிகை. ஆட்டோவில் வந்து சேர்ந்திருந்த அம்மாவிடம் குடத்தை நீட்டினேன். அம்மா ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "இந்தா" என்று மதினியிடம் கொடுத்தாள்.

"குடி. இனிமே இத நீ வச்சுக்க. அடுத்த வருஷம் நீ தூக்கு."

எனக்குச் சுருக்கென்றது. கடல் தாண்டி வந்தவள் நான், பெற்ற மகள் நான். தொலைத்தவளுக்கா குடம்? அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"நீ கொண்டுபோயிக் கண்ணாடி அலமாரியில வப்ப. அதுக்கா அத அவ்வளவு தூரம் செமந்தேன்?"

நிஜமாகவே அலமாரியில் இடம் பார்த்து வைத்திருந்தேன்.

மறுநாள் விமானத்துக்குப் போகிற வழியில் சுற்றிக்கொண்டு அன்னவாசல் போனோம். மூடி போட்ட புது அலுமினியப் பாத்திரம் ஒன்றும், பெட்டியிலேயே கிடந்த பேரீச்சம்பழமும் சுமித்ராவுக்கு. பாத்திரத்தை அவள் அங்கேயே குழாயில் நிரப்பி, தூக்கி, அடியில் விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் பித்தளைக் குடத்தை விட்டாள். அதில் உபயதாரர் பெயருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு நசுங்கல் விழுந்திருந்தது. மதினி அதைத் துடைத்து வாங்கிக்கொண்டார், சித்தப்பாவிடம் அவரே கொடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

ஷார்ஜா வந்து ஒரு வாரம் கழித்து மதினியிடமிருந்து ஒரு படமும் ஒரு குரல் செய்தியும் வந்தன. படத்தில் எங்கள் அடுப்படி மேடை. அதன் மேல் குவைத்துக் குடம், தளும்பத் தளும்பத் தண்ணீர், மேலே கவிழ்த்த டம்ளர். செய்தியில் பின்னணியாகத் தெருவில் அந்த ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருந்தது.

"கேக்குதா செல்வி, வண்டி வந்து நிக்கிது. இது இனிமே அட்டத்துல ஏறாது. தெனம் இதுலதான் தண்ணி. எவன் வந்து பழசுன்னு கேக்குறான்னு பாக்குறேன்."